முதல் வருடம் முடித்ததும் வேறு லா ஸ்கூலுக்கு மாறலாமா?

நியூஜெர்சியில் இருந்து ஒரு அண்ணா கேட்டிருக்கிறார். அவருடைய மகள் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு லா ஸ்கூலில், மூன்று வருடச் சட்டப் பட்டப் படிப்பான ஜே.டி.யில், முதல் வருடம் படிக்கிறாள். முதல் செமஸ்டர் மதிப்பெண் வந்திருக்கிறது, வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் இருக்கிறாள். கட்டணம் 50,000 டாலர், அதில் 30,000 ஸ்காலர்ஷிப்பாகக் கழிந்துவிடுகிறது. இப்போது நியூயார்க்கிலோ வாஷிங்டனிலோ பெயர்பெற்ற பள்ளி ஒன்றுக்கு மாறப்போவதாகச் சொல்கிறாள். "மாறலாமா, எப்படி மாறுவது, இருக்கிற பள்ளிக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார்களா?" இதுதான் அவருடைய கேள்வி.

அண்ணா, நானும் அப்படி மாறியவள். திருச்சியில் பி.காம். முடித்து, கல்யாணமாகி இங்கே வந்து, பிள்ளை பிறந்த பிறகு லா ஸ்கூல் சேர்ந்தேன். முதல் வருடம் ஒரு சிறிய பள்ளி, மீதி இரண்டு வருடம் ஒரு பெரிய பள்ளி. அதன் பிறகு வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகளாவது இதே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். மாறச் சொல்லி அனுப்பியவர்களும் உண்டு, வேண்டாம் என்று தடுத்தவர்களும் உண்டு. உங்கள் மகளுக்கு எது சரி என்பது கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டிய விஷயம்.

முதல் வருட மதிப்பெண்ணின் கனம் என்ன என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் (ஒருவர் மற்றவருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்), சொத்துச் சட்டம், குற்றவியல், சிவில் நடைமுறை, பெரும்பாலான இடங்களில் அரசமைப்புச் சட்டமும், கூடவே சட்ட எழுத்துப் பயிற்சி. எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதல் வருடம் ஏறக்குறைய இதே பாடங்கள்தான். பெரும்பாலான பாடங்களில் செமஸ்டர் கடைசியில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரே ஒரு தேர்வு. விடைத்தாளில் பெயர் இருக்காது, ஒரு எண்தான் இருக்கும். இதோடு கர்வ் என்று ஒன்று சேர்ந்துகொள்கிறது. வகுப்பில் எத்தனை பேருக்கு ஏ, எத்தனை பேருக்கு பி என்பது முன்பே வகுத்த பங்கு. எல்லோருமே நன்றாக எழுதினாலும் பாதிப் பேர் நடுக்கோட்டுக்குக் கீழே போய்த்தான் ஆக வேண்டும். வாழ்நாள் முழுக்க முதல் ரேங்க் வாங்கிய பிள்ளைகள் அங்கே வந்து முதல்முறையாக பி மைனஸைப் பார்த்து உடைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வடிகட்டியில் மேலே வந்திருக்கிறாள் உங்கள் மகள். அவளைத் தட்டிக்கொடுங்கள். இரண்டாம் செமஸ்டர் இன்னும் மீதி இருக்கிறது என்பதையும் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

ஏனென்றால் ட்ரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தில் இந்த ஒரு வருட மதிப்பெண்தான் முக்கால்வாசி. லா ஸ்கூல் நுழைவுத் தேர்வான எல்சாட் மார்க்கைக் கேட்பார்கள், கல்லூரி மதிப்பெண்ணையும் கேட்பார்கள், ஆனால் அதெல்லாம் பின்வரிசையில்தான். முதல் முறை சேரும்போது எல்சாட் குறைந்ததால் பெரிய பள்ளிகளுக்குள் நுழைய முடியாமல் போன பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே இரண்டாவது கதவு.

அந்தக் கதவு திறப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதைத் தெரிந்துகொள்வது நல்லது. பள்ளிகளின் தரவரிசையில் முதல் வருடம் புதிதாகச் சேருகிறவர்களின் எல்சாட், கல்லூரி மதிப்பெண் இவற்றின் இடைநிலையைப் பார்க்கிறார்கள். இரண்டாம் வருடத்தில் வந்து சேருகிறவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதனால் எல்சாட் குறைவான, ஆனால் லா ஸ்கூல் தேர்வில் தன்னை நிரூபித்துவிட்ட மாணவரை எடுப்பதால் பள்ளிக்கு எந்த நஷ்டமும் இல்லை. மேலே முழுக் கட்டணமும் வருகிறது. ஜார்ஜ்டவுன் போன்ற பள்ளிகள் ஆண்டுதோறும் நிறையப் பேரை இப்படிச் சேர்த்துக்கொள்கின்றன. யேல், ஸ்டான்ஃபோர்டில் இடம் மிகக் குறைவு. மாறி வருகிறவர்களுக்கு ஸ்காலர்ஷிப் ஏன் அபூர்வமாகவே கிடைக்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மதிப்பெண்ணுக்காகத் தரும் ஸ்காலர்ஷிப்பில் பெரும்பகுதி, தரவரிசையில் கணக்காகிற முதல் வருட மாணவர்களை இழுப்பதற்காகவே தரப்படுகிறது.

இந்தக் கணக்கை வெளிப்படையாகவே பார்க்கலாம். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அங்கீகரித்த சுமார் 200 லா ஸ்கூல்களும் ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் 509 அறிக்கை என்ற ஒன்றை வெளியிட்டாக வேண்டும். எத்தனை பேர் மாறி வந்தார்கள், எந்தப் பள்ளியிலிருந்து வந்தார்கள், எத்தனை பேர் வெளியே போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வந்தவர்களின் எண்ணிக்கை ஓரளவு இருந்தால் அவர்களுடைய முதல் வருட ஜி.பி.ஏ.வும் இருக்கும். மகள் குறி வைத்திருக்கும் பள்ளிகளின் அறிக்கையை எடுத்து, அவளுடைய பள்ளியிலிருந்து யாராவது போயிருக்கிறார்களா என்று பாருங்கள். வருடா வருடம் இரண்டு பேர் போயிருந்தால் பாதை ஏற்கெனவே போட்டாயிற்று. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வெறும் ஜி.பி.ஏ.வை வைத்து ஒப்பிடக் கூடாது. ஒரு பள்ளியின் கர்வில் 3.3 எடுத்தவர் முதல் பத்து சதவீதத்தில் இருப்பார், இன்னொன்றில் அதே 3.3 நடுவாந்தரம். அதனால்தான் வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதற்கு ஜி.பி.ஏ.வைவிட மதிப்பு அதிகம். ரேங்க் பட்டியலை எப்போது வெளியிடுவார்கள் என்பதை மகள் இப்போதே ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கேட்டுவைக்கட்டும். சில இடங்களில் அது ஜூன் கடைசி வரை இழுக்கும்.

இனி, மாறலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பள்ளியில் எந்தக் கதவு திறக்கிறது, இங்கே இருந்தால் அது ஏன் திறக்காது? இதற்கு ஊர், வேலை, ஆள், பாடம் என்று பெயர் சொல்லிப் பதில் வந்தால் பேச்சைத் தொடர்வேன். "பேர் பெரிசு ஆன்ட்டி" என்று மட்டும் வந்தால் ஒரு வாரம் கழித்து வரச் சொல்வேன்.

நான் இதைக் கற்றுக்கொண்டது என் தீங்கியல் பேராசிரியையிடம். பரிந்துரைக் கடிதம் கேட்க மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவர் அறைக்குப் போனேன். வெளியே பனி, ஷூவெல்லாம் ஈரம். உட்காரச் சொன்ன நாற்காலியில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன, அவரே எழுந்து அவற்றை எடுத்துத் தரையில் வைத்தார். பாடம் சொல்லிக் கொடுத்தவரிடமே "உங்கள் பள்ளியை விட்டுப் போகிறேன், கடிதம் கொடுங்கள்" என்று கேட்பது எனக்கு நன்றிகெட்ட செயலாகப்பட்டது. திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. "இங்கே உனக்கு என்ன கிடைக்கவில்லை?" என்று கேட்டார். "வாய்ப்பு" என்றேன். "அது வெறும் சொல். எனக்கு ஒரு பொருளைக் காட்டு. காட்ட முடிந்தால் கடிதம் எழுதுகிறேன்" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். லா ஸ்கூல் சேர்வதற்கு முன் ஒரு தஞ்சக் கோரிக்கை வழக்கில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். அவர் சொன்ன ஒரு தேதியை ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் நடுங்கியது, அதை நீதிபதி கவனித்தார். அன்றைக்குத்தான் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் இருந்து வக்கீல் நாற்காலிக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. எங்கள் பள்ளியில் குடியேற்றச் சட்டத்துக்கு ஒரே ஒரு பாடம், அதுவும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம். நான் போக நினைத்த பள்ளியில், மாணவர்களே பேராசிரியரின் மேற்பார்வையில் தஞ்சம் கோருகிறவர்களுக்காக வாதாடும் கிளினிக் இருந்தது. திரும்பிப் போய் இதைச் சொன்னேன். பேராசிரியை பேனாவை எடுத்து, விண்ணப்பக் கடைசித் தேதிகளை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்த இரண்டு நாள் யோசனையே என் விண்ணப்பக் கட்டுரையும் ஆயிற்று. உங்கள் மகளும் கட்டுரையை அப்படித்தான் எழுத வேண்டும். இருக்கிற பள்ளியைக் குறை சொல்லி ஒரு வரிகூட வேண்டாம். நான் முதலில் எழுதிய வரைவில் "இங்கே வாய்ப்புகள் குறைவு" என்று நாலு இடத்தில் இருந்தது. சட்ட எழுத்து சொல்லிக் கொடுத்தவர் நாலையும் அடித்துவிட்டு, "இங்கே கற்றது என்ன என்று எழுது, அதை எங்கே கொண்டுபோகப் போகிறாய் என்று எழுது" என்றார். இன்றுவரை மற்றவர்களுக்கு நான் சொல்லும் அறிவுரை அதுதான்.

அடுத்ததுதான் இப்போது எல்லாவற்றையும்விட முக்கியம். நிறையக் குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. நான் மாறிய காலத்தில் பெரிய சட்ட நிறுவனங்கள், பின்னால் நிரந்தர வேலைக்கு வழியாகும் இரண்டாம் வருடக் கோடைகால வேலைக்கு ஆட்களை எடுப்பது ஆகஸ்டில், பள்ளி வளாகத்திலேயே நடக்கும் நேர்காணலில். ஜூலையில் இடம் கிடைத்து மாறுகிறவர்கள் நேராகப் புதுப் பள்ளியின் நேர்காணலில் போய் உட்காரலாம். மாறுவதற்குப் பாதிக் காரணமே அதுதான். 2018இல் என்.ஏ.எல்.பி. என்ற சட்டப் பணியமர்வுச் சங்கம் பழைய கால விதிகளைக் கைவிட்டது. அதற்குப் பிறகு நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு, முதல் வருட வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலுமே ஆட்களை எடுக்க ஆரம்பித்துவிட்டன. ட்ரான்ஸ்ஃபர் முடிவு கைக்கு வரும் ஜூலையில் பெரிய நிறுவனங்களின் இடங்கள் பெரும்பாலும் நிரம்பியிருக்கும்.

அதனால் உங்கள் மகளின் நோக்கம் நியூயார்க்கில் பெரிய நிறுவனத்து வேலை என்றால், புதுப் பள்ளிக்காகக் காத்திருக்கக் கூடாது. இருக்கிற பள்ளியில் இருந்தபடியே, முதல் செமஸ்டர் மதிப்பெண்ணை வைத்தே நிறுவனங்களின் இணையதளங்களில் நேரடியாக இப்போதே விண்ணப்பிக்கட்டும். அவளுடைய பள்ளியில் படித்து நியூயார்க்கில் வேலை பார்ப்பவர்களைத் தேடிப் பிடித்து ஆளுக்கு இருபது நிமிடம் பேசட்டும். ஒரு நல்ல நிறுவனம் ஜூனிலேயே வேலை கொடுத்துவிட்டால், மாறுவதற்கான பெரிய காரணம் அங்கேயே தீர்ந்துபோகிறது. ஸ்காலர்ஷிப்போடு இருந்த இடத்திலேயே படித்து முடிக்கலாம். போன வருடம் என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று. மாறுவதற்கு வைத்திருந்த பணம் அவளுடைய அம்மாவின் கையிலேயே மிச்சம்.

பணக் கணக்கை நீங்களும் மகளும் ஒரு காகிதத்தில் சேர்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். இப்போது கையிலிருந்து போவது வருடத்துக்கு 20,000. நியூயார்க், வாஷிங்டனில் உள்ள பெரிய தனியார் பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டும் ஏறத்தாழ 80,000. வித்தியாசம் 60,000, இரண்டு வருடத்துக்கு 1,20,000. வாடகை, சாப்பாட்டில் ஓஹாயோவைவிட மாதம் ஆயிரம் டாலர்தான் கூடும் என்று குறைத்தே வைத்தாலும், வருடத்தில் பத்து மாதக் கணக்கில் இன்னொரு 20,000. ஆக 1,40,000 டாலர். நீங்கள் வாங்கும் பொருளின் விலை இதுதான்.

இதில் கடன் சட்டமும் மாறியிருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, பட்ட மேற்படிப்புக்குச் செலவு முழுவதற்கும் கடன் தந்துவந்த கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுத் திட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்குக் கிடையாது. சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சில வருடம் விலக்கு உண்டு, ஆனால் அது அவர்கள் படித்துக்கொண்டிருக்கும் படிப்போடு கட்டிவைத்த விலக்கு. பள்ளி மாறினால் அது கூடவே வருமா என்பதைப் புதுப் பள்ளியின் நிதி உதவி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி இறங்காதீர்கள். வருடச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டும் இடத்தில் 50,000 வரம்பு வந்தால், மீதிக்குத் தனியார் வங்கிக் கடன்தான். அதில் உங்கள் கையெழுத்தும் கேட்பார்கள். அப்போது அது உங்கள் ஓய்வுக்காலப் பணத்தைத் தொடுகிற விஷயமாகிவிடும்.

1,40,000 தகுமா என்பது மகள் எந்த வேலைக்குப் போகப் போகிறாள் என்பதைப் பொறுத்தது. இந்த நாட்டில் புது வக்கீல்களின் சம்பளத்தை வரைபடமாகப் போட்டால் இரட்டைத் திமில் ஒட்டகம் மாதிரி இருக்கும். பெரிய நிறுவனங்களில் முதல் வருடச் சம்பளம் 2023 கடைசியிலிருந்து 2,25,000 டாலர். அது ஒரு திமில். அரசு வக்கீல், பொதுநல அமைப்பு, சிறிய அலுவலகம் என்று மற்றவர்கள் நிறையப் பேர் இருப்பது அதற்கு மிகவும் கீழே இன்னொரு திமிலில். நடுவில் ஆட்கள் குறைவு. மாறுவதால் முதல் திமிலுக்கு நிச்சயம் போகிறாள் என்றால் மூன்று நான்கு வருடத்தில் கடனை அடைத்துவிடலாம். ஓஹாயோவிலேயே ஒரு மாவட்டத்தில் அரசு வக்கீலாக ஆக வேண்டும் என்பது கனவு என்றால், இப்போது இருக்கிற பள்ளியிலேயே வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருத்தியாகப் படித்து முடிப்பது பல மடங்கு மேல். அங்கே இருக்கிற நீதிபதிகளும் மூத்த வக்கீல்களும் பெரும்பாலும் அதே பள்ளியில் படித்தவர்களாக இருப்பார்கள். பொதுச்சேவையில் பத்து வருடம், அதாவது 120 தவணை கட்டினால் மத்திய அரசுக் கடனில் மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது. ஆனால் தனியார் வங்கிக் கடனுக்கு அது செல்லாது.

ஸ்காலர்ஷிப் கேட்பதில் வெட்கப்பட வேண்டாம். ஹார்வர்ட், யேல், ஸ்டான்ஃபோர்ட் மூன்றும் மதிப்பெண்ணைப் பார்த்து உதவித்தொகை தருவதில்லை, குடும்ப வசதியைப் பார்த்துத்தான் தருகின்றன. மாறி வருகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று ஒவ்வொரு பள்ளியிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இன்னொரு பக்கம், இருக்கிற பள்ளியிடமும் கேட்கலாம். முதலிடத்தில் இருக்கும் மாணவி போய்விட்டால், மூன்றாம் வருட முடிவில் அந்தப் பள்ளியின் வேலைவாய்ப்புக் கணக்கும் வக்கீல் உரிமம் பெற எழுதும் பார் தேர்வின் தேர்ச்சிக் கணக்கும் கொஞ்சம் குறையும். அதனால் சில பள்ளிகள் ஸ்காலர்ஷிப்பை உயர்த்தித் தக்கவைக்கப் பார்க்கும். மிரட்டும் தொனியில் போய்ப் பேசக் கூடாது. "எனக்கு இங்கே பிடித்திருக்கிறது, பணம்தான் கணக்கைக் குழப்புகிறது" என்று டீனிடம் உண்மையைச் சொன்னாலே போதும்.

பணத்தில் வராத இழப்புகளும் உண்டு. முதல் வருடப் பாடங்களுக்கு கிரெடிட் கிடைக்கும், ஆனால் கிரேடு கூடவே வராது. ஜே.டி. பட்டத்துக்குக் குறைந்தது 83 கிரெடிட் வேண்டும், அதில் முப்பது சொச்சம் கையோடு வரும், ஜி.பி.ஏ. மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய பள்ளியில் அரசமைப்புச் சட்டத்தை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளியிருந்தால், புதுப் பள்ளியில் முதல் வருட மாணவர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டிவரும். லா ரிவ்யூ என்ற சட்ட ஆய்விதழில் இடம் முக்கியம் என்றால், மாறி வருகிறவர்களுக்குத் தனி எழுத்துப் போட்டி உண்டா, எந்த வாரத்தில் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் சேர்க்கைக் கடிதம் வந்த சில நாட்களிலேயே அது முடிந்துவிடும்.

ஆட்களை இழப்பதுதான் எனக்கு வலித்தது. புதுப் பள்ளியில் முதல் நாள் வகுப்புக்குப் போகிறேன், எல்லோரும் முதல் வருடத்தின் கஷ்டத்தைச் சேர்ந்து கடந்தவர்கள். யார் பக்கத்தில் யார், யாருடைய குறிப்பு நல்ல குறிப்பு, எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நான் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன். நவம்பர் வரை அந்த இடத்தில் என்னோடு பேசியது இரண்டு பேர், இரண்டு பேருமே என்னைப் போல மாறி வந்தவர்கள். பேராசிரியர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. மத்திய நீதிமன்ற நீதிபதியிடம் கிளார்க்காக, அதாவது சட்ட ஆய்விலும் தீர்ப்பு எழுதுவதிலும் உதவும் இளம் வக்கீலாகப் போக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இது பெரிய சிக்கல், ஏனென்றால் இரண்டாம் வருடம் முடியும் ஜூனிலேயே விண்ணப்பம் போகும், அதற்குள் புதுப் பேராசிரியர்கள் கடிதம் எழுதும் அளவுக்கு அவளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நான் செய்தது இது: பன்னிரண்டு பேர் மட்டும் இருந்த ஒரு செமினாரில் சேர்ந்தேன், ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்று மணிக்கு அந்தப் பேராசிரியரின் அறைக்கு ஒரு கேள்வியோடு போனேன். கேள்வி இல்லாத வாரம் கேள்வியைத் தேடிப் படித்தேன். டிசம்பரில் அவர் என்னை ஆய்வு உதவியாளராக வைத்துக்கொண்டார். மகளிடம் இதைச் சொல்லுங்கள், மாறினால் முதல் வாரத்திலிருந்தே செய்ய வேண்டிய வேலை இது.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1956இல் ஹார்வர்ட் லா ஸ்கூலில் சேர்ந்தார், சுமார் 500 பேர் வகுப்பில் ஒன்பது பெண்கள். 1958இல் கணவருக்கு நியூயார்க்கில் வேலை கிடைத்தது. கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகள், அப்போதுதான் புற்றுநோயிலிருந்து மீண்டிருந்த கணவர். குடும்பம் பிரியாமல் இருக்க மூன்றாம் வருடத்தைக் கொலம்பியாவில் படித்து ஹார்வர்ட் பட்டம் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டார். ஹார்வர்ட் மறுத்தது. அவர் கொலம்பியாவுக்கே மாறி, 1959இல் வகுப்பின் முதலிடத்தை இன்னொருவரோடு பகிர்ந்து பட்டம் பெற்றார். இரண்டு பள்ளிகளின் லா ரிவ்யூவிலும் இருந்தார். 2011இல் ஹார்வர்ட் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. கணவர், குழந்தை, ஊர் என்று அவர் மாறியதற்கு இருந்த காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்று பெரும்பாலான பள்ளிகள் தங்களிடம் இரண்டு வருடம் படித்தால்தான் தங்கள் பட்டம் என்கின்றன, அதனால் மூன்றாம் வருடத்தில் மாறுவது நடக்காத காரியம். ஆனால் அன்று அவர் கேட்டு மறுக்கப்பட்டது இன்று பல பள்ளிகளில் சாதாரணம். விசிட்டிங் மாணவியாகக் கடைசி ஒரு வருடத்தை வேறு ஊரில் படித்து, பட்டத்தைப் பழைய பள்ளியிலேயே வாங்கலாம். உங்கள் மகள் வீட்டுப் பக்கம் வருவதற்காகத்தான் மாற நினைக்கிறாள் என்றால் இதையும் விசாரியுங்கள்.

நடைமுறை பெரிதாக ஒன்றுமில்லை. எல்சாட் தேர்வை நடத்தும் எல்.எஸ்.ஏ.சி. அமைப்பில் கணக்கு ஏற்கெனவே இருக்கும், அதன் வழியாகவே விண்ணப்பம், கல்லூரி மதிப்பெண், பரிந்துரைகள் எல்லாம் போகும். லா ஸ்கூல் மதிப்பெண் பட்டியலும், ஒழுங்காகப் படித்துவருகிறாள் என்ற நன்னிலைச் சான்றிதழும் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்க வேண்டும். பரிந்துரைகளில் ஒன்றாவது முதல் வருடப் பேராசிரியருடையதாக இருக்கட்டும். கடைசித் தேதிகள் பெரும்பாலும் ஜூனிலிருந்து ஜூலை நடுப்பகுதிக்குள் வரும். ஜார்ஜ்டவுன் போன்ற சில பள்ளிகள் முதல் செமஸ்டர் மதிப்பெண்ணை மட்டும் வைத்தே முன்கூட்டி விண்ணப்பிக்க இடம் தந்திருக்கின்றன. உங்கள் மகளின் நிலையில் இருப்பவருக்கு அது நல்ல வழி, பள்ளியின் பக்கத்தில் இந்த வருடத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். போக்குவரத்து வழக்கோ, கல்லூரியில் ஏதாவது ஒழுங்கு நடவடிக்கையோ இருந்திருந்தால், முதல் விண்ணப்பத்தில் சொன்னதையே வார்த்தை பிசகாமல் இதிலும் சொல்ல வேண்டும். பின்னால் பார் அனுமதிக்கு நன்னடத்தை விசாரிப்பவர்கள் லா ஸ்கூல் விண்ணப்பத்தையும் எடுத்து ஒப்பிடுவார்கள்.

கோபித்துக்கொள்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். நன்னிலைச் சான்றிதழ் கேட்கும்போதே ரெஜிஸ்ட்ராருக்கு விஷயம் தெரிந்துவிடும், அவர்களுக்கு இது வருடா வருடம் நடக்கிற வேலை. பேராசிரியர்களுக்கு வருத்தம் இருக்கலாம், நல்ல மாணவி போகிறாளே என்று. அதை அவர்கள் மதிப்பெண்ணில் காட்ட முடியாது, விடைத்தாளில் எண் மட்டும்தான் இருக்கிறது. மகள் தானாகப் போய் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. என் தீங்கியல் பேராசிரியைக்கு இன்றும் வருடப் பிறப்புக்கு எழுதுகிறேன், அவரும் பதில் எழுதுகிறார்.

சேர்க்கைக் கடிதம் வந்தால் சந்தோஷத்தில் அன்றைக்கே பழைய பள்ளிக்கு விலகல் கடிதம் அனுப்பிவிட வேண்டாம். புதுப் பள்ளியின் நிதி உதவிக் கடிதமும், எத்தனை கிரெடிட்டை ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற பட்டியலும் கைக்கு வரட்டும். அதுவரை ஓஹாயோவில் இலையுதிர் செமஸ்டருக்குப் பதிவு செய்த பாடங்களும் ஸ்காலர்ஷிப்பும் அப்படியே இருக்கட்டும். வீட்டு வாடகை ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறதா என்று இப்போதே பார்த்து, மாதா மாதம் புதுப்பிக்கிற மாதிரி மாற்றிக்கொள்ள முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். நான் அதைக் கேட்காமல் விட்டதால், குடியிருக்காத வீட்டுக்கு இரண்டு மாத வாடகை கட்டினேன்.